அலை பிரிக்கவில்லை, கரை பிரித்தது!

கப்பல் என்றாலே நம் மேடைகளில் ஒரு கம்பீரம் வந்துவிடும். கடாரம் கொண்டான் தமிழன் என்போம். 1025-ல் இராசேந்திரன் செலுத்திய கலங்களைக் கண்முன் நிறுத்துவோம். பூம்புகாரை அழைப்போம், முசிறியைக் காட்டுவோம். கைதட்டல் எழும்பும். எழும்பட்டும்! பழம்பெருமை பேசவேண்டாம் என்று கூற நாம் வரவில்லை. ஆனால், தோழர்களே! கொடி பறக்கக் கடல் கடந்தவன் மட்டுந்தானா தமிழன்? கோவணத்தோடு கடல் கடந்தவன் யார்? வாளேந்திக் கலம் ஏறியவனுக்கு மெய்க்கீர்த்தி எழுதினார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு கலம் ஏறியவனுக்கு என்ன எழுதினார்கள்? ஓர் எண் எழுதினார்கள். அவ்வளவுதான்!

அந்த எண்ணின் கதையைத்தான் இன்று பேசப்போகிறோம். கும்மிடிப்பூண்டி உருக்காலையில் நெருப்போடு நிற்கும் தோழனும், எண்ணூரில் நிலக்கரித் தூசியைச் சுவாசிக்கும் தோழனும், பொன்னேரிப் பக்கத்தில் களத்துமேட்டில் நிற்கும் தோழனும் கேட்கவேண்டிய கதை இது. யாரோ எவரோ அல்லர் அந்தக் கப்பலில் போனவர்கள். நம் மண்ணின் மக்கள். நம் பாட்டனுக்குப் பாட்டன் காலத்துப் பங்காளிகள்.

பழவேற்காட்டுக் கல்லறை

பொன்னேரி தாண்டிப் பழவேற்காடு போய்ப் பாருங்கள். ஏரியும் கடலும் கைகோத்து நிற்கும் இடம். டச்சுக்காரனின் கல்லறைகள் இன்றும் அங்கே இருக்கின்றன. எலும்புக்கூடு செதுக்கிய கல் வாயிலில் நிற்கிறது. உள்ளே, செத்தவன் பெயரும் ஆண்டும் அழகழகாய் வெட்டப்பட்டிருக்கின்றன. 1613-ல் அவன் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினான். துணி வாங்க வந்தான் என்று பாடப் புத்தகம் கூறும். துணி மட்டுமா வாங்கினான்? ஆளையும் வாங்கினான்! மழை பொய்த்து, பஞ்சம் பரவி, பெற்ற பிள்ளையைக் காப்பாற்ற வழியற்றுப் பெற்றோர் நின்ற காலங்களில், சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரமாயிரம் பேரை அடிமைகளாகக் கப்பலேற்றிப் பட்டாவியாவுக்கு அனுப்பினான். இன்றைய ஜகார்த்தாதான் அந்தப் பட்டாவியா. 17-ஆம் நூற்றாண்டில் நடந்த அந்த வாணிபத்தில் முன்னணித் துறைகளில் ஒன்று, நம் பழவேற்காடு.

வாங்கியவனுக்குக் கல் இருக்கிறது, கல்லிலே பெயர் இருக்கிறது. வாங்கப்பட்டவனுக்கு? கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

பிறகு, அடிமைமுறை ஒழிந்தது என்றார்கள். 1833-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் செய்தது. நல்ல சட்டம்! ஆனால் ஒழிந்தது சங்கிலி, ஒழியவில்லை கரும்பு. கரும்பு விளைந்தால் வெட்ட ஆள் வேண்டும். வெட்டியதைச் சுமக்க ஆள் வேண்டும். சுமந்ததை ஆலையில் பிழிய ஆள் வேண்டும். விடுதலை பெற்ற அடிமை, 'இனி என் கை உனக்கல்ல' என்று நடந்துவிட்டான். துரைமார் பார்த்தார்கள், சங்கிலிக்குப் பதிலாகக் காகிதத்தை எடுத்தார்கள். ஒப்பந்தக் கூலி என்று அதற்குப் பெயர். அக்ரிமெண்டு என்ற ஆங்கிலச் சொல், படிக்காத பாட்டாளியின் நாவிலே 'கிர்மிட்' ஆயிற்று. மொரிசியசுக்கு 1834-லிருந்தே ஆள் போனான். மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனான். 1903 முதல் சென்னையிலிருந்து பிஜிக்கும் போனான். இவற்றுக்கு நடுவே, நேட்டாலுக்குப் போனான்.

342 பேர்

நேட்டால் எங்கே இருக்கிறது? தென்னாப்பிரிக்காவின் கீழ்க்கரையில். வெள்ளைத் துரைமார் அங்கே கரும்பு நட்டார்கள். ஜூலு மக்களைக் கூப்பிட்டார்கள். சொந்த நிலமும் சொந்த மாடும் வைத்திருந்த அந்த மக்கள், துரையின் தோட்டத்தில் கைகட்டி நிற்க மறுத்தார்கள். எனவே 1859-ல் நேட்டால் சட்டமன்றம், கடல் கடந்து ஆள் கொணரச் சட்டம் இயற்றிற்று. 1860-ல் இந்தியாவை ஆண்ட வெள்ளையன் இங்கே இசைவுச் சட்டம் இயற்றினான். அங்கே கேட்டவனும் வெள்ளையன். இங்கே கொடுத்தவனும் வெள்ளையன். போனவன் மட்டும் தமிழன், தெலுங்கன், பீகாரி!

1860 அக்டோபர் இரண்டாம் வாரம் சென்னையிலிருந்து பாய் விரித்தது 'டிரூரோ' என்ற கப்பல். நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. அதில் 342 பேர். ஆடவர் மட்டுமல்ல, பெண்டிரும் குழந்தைகளும் இருந்தார்கள். பத்தே நாளில் கல்கத்தாவிலிருந்து 'பெல்விடேர்' என்ற அடுத்த கப்பல் போய்ச் சேர்ந்தது. அன்று திறந்த வாய் 1911 வரை மூடவில்லை. 384 கப்பல் பயணங்கள், 1,52,184 மனிதர்கள்! மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் சென்னைத் துறையிலிருந்து போனவர்கள்.

எந்த ஊர்க்காரர்கள் அவர்கள்? நேட்டாலுக்கு ஆள் கொடுத்த மாவட்டங்களின் முன்வரிசையிலே நின்றவை வட ஆர்க்காடும் செங்கற்பட்டும். அந்நாளில் திருவள்ளூருக்குத் தனி மாவட்டம் ஏது? 1997-ல் அல்லவா அது பிரிந்தது! பொன்னேரியும் திருவள்ளூரும் செங்கற்பட்டு மாவட்டத்துக்குள் கிடந்தவை. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு குடும்பம்

எண்ணிப் பாருங்கள், ஒரு குடும்பத்தை. பெயர் வைக்கவேண்டாம், எந்தக் குடும்பமாகவும் இருக்கட்டும். அப்பன், ஆத்தாள், விரலைப் பிடித்து நடக்கும் பெண், இடுப்பிலே ஒரு பிள்ளை, கூடவே அப்பனின் தம்பி. ஊரிலே நிலம் இல்லை. இருந்த இடம் சேரி, குடித்தது கூழ், பட்டது கடன். ஆள் பிடிப்பவன் வருகிறான். 'கடலுக்கு அப்பால் வேலை இருக்கிறது. மாதம் பத்து ஷில்லிங்! சோறு தருவான், துணி தருவான், வீடு தருவான். ஐந்து ஆண்டு உழைத்தால் போதும், அப்புறம் நீ ராஜா' என்கிறான். நேட்டால் எங்கே என்று கேட்டால், அதோ என்று கிழக்கே கை நீட்டினாலும் நம்புவார்கள். பசி திசை பார்க்குமா?

சென்னையில் அப்போது துறைமுகம் இல்லை. துறைமுகத்துக்குக் கல் போட்டதெல்லாம் அதற்குப் பதினைந்து ஆண்டு கழித்து. 1860-ல் கப்பல் நடுக்கடலில் நிற்கும், மனிதன் மணலில் நிற்பான். இடையே, ஆளை விழுங்கும் அலை. அந்த அலையைத் தாண்ட மசூலாப் படகு ஒன்றுதான் உண்டு. ஆணி அடிக்காத படகு! பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அறைந்தால் வளைந்து கொடுக்குமே தவிர உடையாது. வெள்ளைக்காரன் கட்டிய படகு நொறுங்கிய அலையிலே, நம் கடலோர மக்கள் தைத்த படகு நின்றது. கவர்னர் துரை இறங்கியதும் அந்தப் படகில்தான், கூலித் தமிழன் ஏறியதும் அதே படகில்தான். படகு பேதம் பார்க்கவில்லை!

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம். நனைந்த துணியோடு ஏறுகிறார்கள் கப்பலில். கீழ்த்தட்டிலே இடம். தனி ஆண்கள் ஒரு பக்கம், தனிப் பெண்கள் ஒரு பக்கம், நடுவே குடும்பங்கள். நிமிர்ந்தால் தலை இடிக்கும், படுத்தால் பக்கத்தவன் கை படும். ஐந்து வாரம்! அரிசி, பருப்பு, புளி, மிளகாய், கருவாடு—அளந்து கொடுப்பார்கள். காற்று அடித்தால் கப்பல் ஓடும், அடிக்காவிட்டால் கிடக்கும். மடகாஸ்கருக்கு அருகே கடல் கொந்தளிக்கும். வாந்தி வரும், பேதி வரும், காய்ச்சல் வரும். இத்தகைய பயணங்களில் இறந்தவனுக்குச் சுடுகாடு கடல்தான். ஒரு துணி, ஒரு கல், ஒரு சத்தம்.

ஆனால் கேளுங்கள், தோழர்களே! அந்தக் கீழ்த்தட்டிலே ஓர் அதிசயமும் நடந்தது. கடல் கடந்தால் சாதி கெடும் என்று ஊரிலே சொல்லி வைத்திருந்தார்கள் அல்லவா? கெட்டது! நன்றாகவே கெட்டது! ஒரே அடுப்பு, ஒரே உலை, ஒரே தண்ணீர்ப் பீப்பாய். ஊர்க் கிணற்றண்டை ஒருவன் நிழல் பட்டால் தீட்டு என்று ஓடியவன், இங்கே அவன் கையிலிருந்து தண்ணீர் வாங்கிக் குடித்தான். குடிக்காவிட்டால் சாவு! நூறு சொற்பொழிவு செய்யவேண்டியதை ஒரு பீப்பாய் தண்ணீர் செய்தது. ஒரே கப்பலில் போனவனை வடநாட்டான் 'ஜஹாஜி பாய்' என்றான். கப்பல் சகோதரன்! இரத்தத்தால் வந்த உறவல்ல அது, அலையால் வந்த உறவு. குடும்பம் ஐந்து பேராய் ஏறிற்று. ஐந்து வாரத்தில் கப்பல் முழுவதும் ஒரு குடும்பமாயிற்று.

கரை தெரிந்தது

அப்புறம் கரை தெரிந்தது. பிள்ளை கைநீட்டிக் காட்டியிருக்கும். ஆத்தாள் கும்பிட்டிருப்பாள். தரையைக் கண்டவனுக்குத்தானே தெரியும் தரையின் அருமை!

டர்பன் துறை வாயிலிலே மணல்திட்டு. பெரிய கப்பல் எளிதில் உள்ளே நுழைய முடியாது. இங்கே படகில் ஏறியவன், அங்கேயும் படகில் இறங்கினான். கரையிலே கூட்டம்! வரவேற்க வந்த கூட்டமல்ல, வேடிக்கை பார்க்க வந்த வெள்ளையர் கூட்டம். தங்குவதற்குக் கட்டிய கொட்டகையோ முடிந்தபாடில்லை. ஐந்து வாரம் கடலில் கிடந்தவனுக்கு, கரையில் ஒரு முழுக் கூரை தயாராக இல்லை!

ஏடு திறந்தார்கள். எண் ஒன்று. எண் இரண்டு. எண் மூன்று. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பிலே உள்ள தழும்பு—எல்லாம் எழுதினார்கள். கடலிலே கரைந்த சாதி கரையிலே காகிதத்தில் மறுபடி ஏறிற்று, கவனியுங்கள்! காதில் விழுந்தபடி எழுதினான் வெள்ளைக்காரன். முதலியார் 'மூட்லி' ஆனார். ஊர்ப்பெயர் உருமாறிற்று. ஆனால் எண் மட்டும் பிழையில்லாமல் இருந்தது. முதலாளிக்கு வேண்டியது எண்தானே!

பிறகு தோட்டக்காரத் துரைமார் வந்தார்கள். ஆளைப் பங்கிட்டார்கள். கணவனையும் மனைவியையும் பிரிக்கக்கூடாதென்று விதி இருந்ததாம். இருக்கட்டும். தம்பிக்கு விதி உண்டா? தங்கைக்கு உண்டா? தன் மடியில் கிடந்து காய்ச்சல் தீர்ந்த பக்கத்துப் பிள்ளைக்கு உண்டா? ஒரே பீப்பாயில் நீர் குடித்தவர்கள் ஆளுக்கொரு தோட்டமாய்ச் சிதறினார்கள். புயல் பிரிக்கவில்லை அவர்களை, பேதி பிரிக்கவில்லை. பேரேடு பிரித்தது! அலை சேர்த்ததைக் கரை பிரித்தது!

கூலி என்ன? முதலாண்டு மாதம் 10 ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏறும். ஐந்தாம் ஆண்டில் 14. காய்ச்சலில் ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போகுமா? இல்லை, இரண்டு நாள் கூலி போகும்! இரட்டை வெட்டு என்று அதற்குப் பெயர். கரும்பை ஒரு வெட்டு வெட்டினான் தமிழன், கூலியை இரு வெட்டு வெட்டினான் துரை.

வாய் திறந்தவர்கள்

இவ்வளவும் யாருக்குத் தெரிந்தது? வெளியே எவருக்கும் தெரியவில்லை. 1871-ல் 'ரெட் ரைடிங் ஹூட்' என்ற கப்பல், ஒப்பந்தம் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு சென்னை வந்தது. இறங்கியவர்கள் வாய் திறந்தார்கள். 'அடித்தார்கள். கூலியைப் பிடித்தார்கள். சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று' என்றார்கள். பத்திரிகை இல்லை அவர்களுக்கு, சங்கம் இல்லை, படிப்பில்லை. வாய் ஒன்றுதான் இருந்தது. அது போதுமாயிருந்தது! நேட்டால் அரசு 1872-ல் விசாரணைக் குழு அமைக்க நேர்ந்தது. கூலிகளுக்குப் பாதுகாவலர் என்று ஒரு பதவி ஏற்பட்டது. அதன் பிறகே, 1874-ல், மறுபடி ஆள் ஏற்ற முடிந்தது. பதவியால் எல்லாம் தீர்ந்தது என்று நாம் கூறவில்லை. ஆனால் எண்ணாய்ப் போனவன் மனிதனாய் வந்து பேசினான். சாம்ராஜ்யத்தின் காதிலே விழுந்தது.

அடுத்து வந்தது 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சம். எண்ணூரையும் பழவேற்காட்டையும் தொட்டு ஓடுகிறதே பக்கிங்காம் கால்வாய், அதன் சென்னைப் பகுதியிலே அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டை அந்தப் பஞ்சத்தில்தான் வெட்டினார்கள். பஞ்ச நிவாரண வேலைகளில் ஒரு நாள் உழைப்புக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கணக்குப் போட்டார் ஒரு துரை! அந்தத் தானியத்துக்கும் வழியற்றவனுக்குக் கப்பல்தானே கதி!

நேட்டாலிலே ஒப்பந்தம் முடித்தவன், உழைப்பால் காய்கறி பயிரிட்டான், கடை வைத்தான், தலை நிமிர்ந்தான். பொறுக்குமா துரைக்கு? 1895-ல் தலைவரி போட்டான். மறுபடி கூலியாகக் கையெழுத்துப் போடு, இல்லையேல் கப்பலேறிப் போ. இரண்டும் மாட்டாயானால் ஆண்டுதோறும் 3 பவுன் எடு! 1903-ல் பிள்ளைகளையும் சேர்த்தான். 16 வயதுப் பையனுக்கும் 3 பவுன், 13 வயதுப் பெண்ணுக்கும் 3 பவுன். அப்பன், ஆத்தாள், பையன், பெண்—நால்வருக்கும் 12 பவுன். 240 ஷில்லிங்! மாதம் 14 ஷில்லிங் வாங்கியவன் பதினேழு மாதம் பட்டினி கிடந்தால் கட்டலாம்.

1894-ல் டர்பனிலே ஒரு தமிழன், பாலசுந்தரம், முதலாளியிடம் அடிபட்டு, முன்பற்கள் இரண்டு உடைந்து, இரத்தம் ஒழுக, வழக்கறிஞர் காந்தியாரின் வாசலில் போய் நின்றான். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். வெள்ளையன் முன் தலைப்பாகையோடு நிற்கக்கூடாது என்று பழக்கியிருந்தார்கள். கட்டிக்கொள் என்றார் காந்தியார். பல் உடைந்தவனுக்கு அது பெரிய ஆறுதல்! தோளிலே துண்டு போட எத்தனை போராட்டம் நடந்தது இந்த நாட்டிலே என்பதறிந்த நமக்கு, அந்தத் தலைப்பாகையின் பொருள் விளங்காமலா போகும்?

1913-ல் அந்தப் பல்லுக்கும் பவுனுக்கும் பதில் கேட்டார்கள். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம். தூண்டியவர்கள் யார்? பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள்! நவம்பர் 6-ல் எல்லையை நோக்கி நடந்தது அணிவகுப்பு. காந்தியார் கொடுத்த கணக்கு—2,037 ஆடவர், 127 பெண்கள், 57 குழந்தைகள். கப்பலிலே குடும்பமாய் வந்தவர்கள், தெருவிலே குடும்பமாய் நடந்தார்கள். கரை பிரித்த கூட்டத்தை வேலைநிறுத்தம் மறுபடி சேர்த்தது! தில்லையாடி வள்ளியம்மை, பதினாறே வயது, சிறையில் நோயுற்று, வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ல் உயிர் நீத்தாள். அதே ஆண்டு தலைவரி ஒழிந்தது. 1911-லேயே நேட்டாலுக்குக் கூலி ஏற்றுமதி நின்றிருந்தது. 1917-ல் எல்லா நாடுகளுக்கும் நின்றது.

கும்மிடிப்பூண்டி இரயிலடி

பழங்கதை முடிந்ததா? முடியவில்லை, தோழர்களே! எண்ணூரிலே இன்று காமராசர் துறைமுகம் நிற்கிறது, பக்கத்திலே காட்டுப்பள்ளித் துறைமுகம். தமிழன் கையால் பூட்டிய கார்கள் வரிசையாய்க் கப்பலேறிக் கடல் கடக்கின்றன. தமிழன் கப்பலேறிய கரையிலிருந்து தமிழன் செய்த பொருள் கப்பலேறுகிறது. மார்தட்டிக்கொள்வோம்!

ஆனால் மார்தட்டியபின், கும்மிடிப்பூண்டி இரயிலடிக்கு ஒருமுறை வாருங்கள். பீகாரிலிருந்து, ஒடிசாவிலிருந்து, வங்கத்திலிருந்து வருகிறான் ஒருவன், தோளிலே ஒரு பை. சிலர் பெண்டாட்டி பிள்ளையோடு வருகிறார்கள். அழைத்து வந்தவன் முன்னால் நடக்கிறான். ஊரிலே சொன்ன கூலியும் இங்கே கையில் விழும் கூலியும் ஒன்றா? காய்ச்சலில் படுத்தால் எத்தனை நாள் வெட்டு? ஆலையில் கை நசுங்கினால் அவன் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது—முதலாளியின் ஏட்டிலா, ஒப்பந்தக்காரன் ஏட்டிலா, எந்த ஏட்டிலும் இல்லையா? வெளிமாநிலத் தொழிலாளிக்குக் கைப்புத்தகம் தரவேண்டும், பயணப்படி தரவேண்டும் என்று 1979-லேயே சட்டம் எழுதினார்கள். எழுத்து ஏட்டில் இருந்தால் போதுமா? நேட்டாலிலும் விதி ஏட்டில் இருந்தது!

'வடக்கன் வந்தான், வேலையைப் பறித்தான்' என்று நம்மவரே முணுமுணுப்பதைக் கேட்கிறோம். அவனைக் குறைந்த கூலிக்குக் கொணர்ந்தவன் யார்? அந்தக் கேள்வி எழாதிருக்கத்தான் இந்த முணுமுணுப்பு! இந்தி ஆதிக்கத்தை எதிர்ப்பது வேறு, இந்தி பேசும் பட்டினிக்காரனை வெறுப்பது வேறு. ஆதிக்கம் செய்ய வருபவன் இரயிலடியில் பையை அணைத்துக்கொண்டு தூங்கமாட்டான்.

அதே கும்மிடிப்பூண்டியில் இன்னொரு கூட்டமும் உண்டு. 1983 கலவரத்திற்குப் பின், ஈழத்திலிருந்து இரவோடிரவாகப் படகேறி இராமேசுவரக் கரையில் இறங்கியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அங்கே முகாமிலே வாழ்கிறார்கள். இந்த மண்ணிலே பிறந்தும் இந்த நாட்டான் என்ற சீட்டுப் பெறாதவர்கள் அவர்களிலே உண்டு. 2021-ல் அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது தமிழக அரசு. நல்லது. பெயர் மாறியது, வாழ்வும் மாறவேண்டும். படகிலிருந்து இறங்கியவன் பல்லாண்டாகியும் கரை ஏறவில்லையென்றால், குற்றம் படகிலா, கரையிலா?

இன்றும் டர்பனிலே, நேட்டாலிலே, கொள்ளுப்பேரன்கள் அந்தப் பழைய ஏட்டைப் புரட்டுகிறார்கள். 'என் பாட்டன் எந்த ஊர்?' என்று தேடுகிறார்கள். எண் கிடைக்கிறது, ஊர் கிடைப்பதில்லை. நாளை பீகாரிலிருந்து ஒரு பேரன் வந்து, 'என் பாட்டன் இங்கே உருக்காலையில் வேலை செய்தானாம், தெரியுமா?' என்று நம்மைக் கேட்டால், எண்ணைக் காட்டுவோமா, பெயரைச் சொல்வோமா?

ஆகவே, தோழர்களே! உங்கள் ஆலையிலே உங்கள் பக்கத்தில் நிற்பவன் எந்த மொழி பேசினாலும், முதலில் அவன் பெயரைக் கேளுங்கள். அடுத்து அவன் கூலியைக் கேளுங்கள். அவன் பெயர் ஏட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையேல் ஏறும்வரை விடாதீர்கள். சங்கத்திலே அவனுக்கும் ஓர் இடம் போடுங்கள். கடல் நமக்குக் கற்பித்த பாடம் ஒன்றே: ஒரே பீப்பாயில் நீர் குடிப்பவர்கள் ஒரே குடும்பம். அலை சேர்த்த அந்தக் குடும்பத்தைக் கரை பிரிக்க இன்னொரு முறை நாம் இடம் தரலாமா?